கரி எடுத்த மண்ணில் சைக்கிள் சாலை

பெல்ஜியத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் லிம்பர்க் மாகாணத்தில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மேடு கிடைப்பது அரிது. மாஸ் ஆற்றுப் படுகையிலிருந்து கெம்பன் மேட்டுநிலத்துக்கு ஏறும் விளிம்பு ஒன்று உண்டு. அதுவும் கடல்மட்டத்துக்கு மேல் நூறு மீட்டரைத் தொட்டதும் ஓய்ந்துவிடும். தொடை எரிய ஏறவேண்டும் என்றால் பேரிங்கனுக்கோ ஐஸ்டனுக்கோ போகவேண்டும். அங்கே நிற்கும் கரும்பழுப்புக் குன்றுகள் மனிதர் கொட்டியவை. நிலக்கரியோடு சேர்ந்து மேலே வந்த உதவாத பாறையையும் களிக்கல்லையும் பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் குவித்ததில் எழுந்த குன்றுகள் அவை. பேரிங்கன் குன்று 60 மீட்டர் உயரம். சுற்றிலும் சமவெளி என்பதால் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் வரும்போதே கண்ணில் படும்.

ஐரோப்பாவின் பழைய நிலக்கரி வட்டாரங்கள் பலவற்றில் இன்று இதுதான் காட்சி: ஒரு கழிவுக் குன்று, அதை ஒட்டிக் காப்புப் பகுதி, ஊடே வழவழப்பான சைக்கிள் சாலை. கரி போனது, காடு வந்தது, சைக்கிள் வந்தது என்று சுற்றுலாத் துறையின் மடிப்பிதழ்கள் மூன்றே வரியில் கதையை முடித்துவிடும். இந்தச் சாலைகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு சாலையிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: நீ எதை அகற்றிவிட்டு இங்கே வந்தாய்? மோட்டார் சாலையையா, ரயில் தடத்தையா, ஒன்றும் இல்லாத காட்டையா, சுரங்கத்தின் நினைவையேயா? பதிலுக்குப் பதில் மதிப்பு மாறும்.

லிம்பர்க்கிலிருந்தே தொடங்கலாம். மற்ற எல்லா இடங்களையும்விட இங்கேதான் இந்தக் கேள்விக்கு வகைவகையான பதில்கள் கிடைக்கின்றன.

1901 ஆகஸ்ட் 2 அன்று ஆஸ் என்ற சிற்றூரில், 541 மீட்டர் ஆழத்தில், புவியியலாளர் ஆந்த்ரே துமோன் நடத்திய துளையிடலில் நிலக்கரி தட்டுப்பட்டது. அதுவரை அந்தப் பகுதி செம்மறி மேயும் புதர்வெளி. மண்ணில் சத்து கிடையாது, ஆட்களும் குறைவு. நெய்வேலியைப் போல மேல்மண்ணை வெட்டித் திறந்து எடுக்கும் கரி அல்ல இது. செங்குத்தாகக் குழி இறக்கி, நீர் கோத்த மணலை உறையவைத்து, அதைத் தாண்டிப் போய் எடுக்கவேண்டிய கரி. அதனால் முதல் கரி மேலே வரவே 1917 ஆனது, விண்டர்ஸ்லாக் சுரங்கத்தில். அடுத்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் மொத்தம் ஏழு சுரங்கங்கள் இயங்கின. உள்ளூரில் ஆள் போதாமல் போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும், பிறகு கிரீஸ், துருக்கி, மொராக்கோவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. சுரங்க நிறுவனமே வீடும் தோட்டமும் பள்ளியும் தேவாலயமும் கட்டிக் கொடுத்தது. கெங்க் நகரில் இன்றும் அந்தத் தோட்ட வீட்டுத் தெருக்களில் இத்தாலியப் பலகாரக் கடையும் துருக்கிய ரொட்டிக் கடையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

மூடுவிழா அமைதியாக நடக்கவில்லை. 1966 ஜனவரி இறுதியில் ஸ்வார்ட்பெர்க் சுரங்கத்தை மூட எடுத்த முடிவை எதிர்த்துத் தொழிலாளர் தெருவில் இறங்கினார்கள். இரண்டு பேர் உயிரிழந்தார்கள். 1980களின் இறுதியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்து, 1992 செப்டம்பர் 30 அன்று ஸோல்டர் சுரங்கத்தோடு எல்லாம் முடிந்தது. இதற்கிடையில் 1964இல் கெங்க்கில் வந்த ஃபோர்டு கார் ஆலை பலரை ஏற்றுக்கொண்டது. அந்த ஆலையும் 2014 டிசம்பரில் மூடப்பட்டது. ஒரே முதலாளியை நம்பிய வட்டாரம் இரண்டாவது முறை அடிவாங்கியது. சைக்கிள் சுற்றுலாவில் லிம்பர்க் மாகாணம் காட்டும் அக்கறைக்குப் பின்னால் இந்த இரட்டை அடி இருக்கிறது. பொழுதுபோக்குக்காகப் போட்ட சாலைகள் என்று அவற்றை எடுத்துக்கொண்டால் ஏன் இவ்வளவு பணம், ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பது புரியாது.

சைக்கிளில் போகிறவர் சுரங்கத்தைப் பார்க்காமலே அதன்மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். முதலில் சாலையின் போக்கு. நெடுந்தூரம் நேராக, ஏற்ற இறக்கமே தெரியாமல் போகும் தடம் என்றால் பெரும்பாலும் அது கரி ரயில் ஓடிய பாதை. கரி ஏற்றிய ரயில் செங்குத்தாக ஏறாது; அதற்காக மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பிச் சீராக்கிய படுகை இன்று சைக்கிளுக்குப் பயன்படுகிறது. கியர் மாற்றவே வேண்டாம், எதிர்க்காற்று மட்டும்தான் பகை. சுரங்கங்களை இணைத்த அந்தத் தடத்துக்கு உள்ளூரில் இன்றும் கரித்தடம் என்றே பெயர்.

இரண்டாவது, எண்கள். பெல்ஜியத்திலோ நெதர்லாந்திலோ சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரிந்திருக்கும். பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். அங்கே நிற்கும் பலகையில் அடுத்தடுத்த சந்திப்புகளின் எண்ணும் அம்புக்குறியும். புறப்படும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எண்களை வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், ஊர்ப்பெயர் ஒன்றும் தெரியாமல் நாள் முழுக்கச் சுற்றி வரலாம். இதை வகுத்தவர் ஹ்யூகோ பொலன், லிம்பர்க்கின் சுரங்கப் பொறியாளர். வலைப்பின்னல் முதலில் வந்ததும் லிம்பர்க்கில்தான், 1995இல், கடைசிச் சுரங்கம் மூடி மூன்றே ஆண்டுகளில். பிறகு பெல்ஜியம் முழுவதும், நெதர்லாந்து, ஜெர்மனியின் பல பகுதிகள் என்று பரவிவிட்டது. நிலத்தடியில் வழிகள் கிளைப்பதும் சேர்வதும் பழகிய ஒருவர் மேலே வந்து சாலைகளுக்கு எண் போட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, மரங்கள். கெம்பன் பகுதியின் பைன் காடுகளைப் பார்த்து ஆதிக்காடு என்று மயங்கும் வெளியூர்க்காரர்கள் உண்டு. மரங்கள் வரிசை பிடித்து நிற்பதைக் கவனித்தால் மயக்கம் தெளியும். சுரங்க வழிகளின் கூரையைத் தாங்க முட்டுமரம் வேண்டும். அதற்காகப் புதர்வெளியில் வளர்த்த தோப்பு இது. பைன் மரத்தைத் தொழிலாளர்கள் விரும்பியதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: பாரம் தாங்காதபோது முறியும் முன் கிறீச்சிடும், தப்பி ஓட நேரம் கிடைக்கும்.

இந்த மண்ணில்தான் 2006 மார்ச்சில் ஹோகெ கெம்பன் தேசியப் பூங்கா திறக்கப்பட்டது. பெல்ஜியத்தின் முதல் தேசியப் பூங்கா. தொடக்கத்தில் சுமார் 5,700 ஹெக்டேர். பின்னர் 12,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்தது. இதை முன்னின்று நடத்திய இக்னாஸ் ஸ்ஹொப்ஸ் 2008இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு பெற்றார். அரசையும் தனியாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து 9 கோடி டாலருக்கும் அதிகமாகத் திரட்டியது அவருடைய சாதனை. அவர் தரப்பு முன்வைத்த வாதம் இயற்கைக் காதலர்களுக்குச் சற்று நெருடலாகவே இருக்கும்: காடு பணம் கொண்டுவரும், வேலை தரும், அதனால் காப்பாற்றுங்கள். வேலை போன வட்டாரத்தில் பக்கிக் குருவிக்காக மட்டும் ஒரு பூங்கா கேட்டிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

பூங்காவின் அமைப்பிலேயே அந்த வாதம் தெரிகிறது. வாயில்கள் எல்லாம் விளிம்பில் இருக்கின்றன. காரை அங்கே நிறுத்திவிட வேண்டும், உணவகமும் கடையும் அங்கேதான். உள்ளே நடந்தோ, குதிரையிலோ, சைக்கிளிலோதான் போகலாம். ஆஸ் ஊரின் பழைய ரயில் நிலையம் ஒரு வாயில். ஐஸ்டன் சுரங்கம் இருந்த இடம் இன்னொன்று. கூட்டத்தை விளிம்பில் பிடித்து, உள்ளே விடும்போது ஒருசில தடங்களில் மட்டும் விடுவது. சைக்கிள் சாலை இங்கே வேலிபோலவும் பயன்படுகிறது. வழவழப்பான தடம் ஒன்று கண்ணெதிரே போனால் நூற்றில் தொண்ணூறு பேர் அதை விட்டு இறங்க மாட்டார்கள்.

இந்தத் தந்திரத்தின் உச்சம் மாகாணம் கட்டிய மூன்று காட்சித் தடங்கள். மூன்றையும் சேர்த்தே புகழ்வது வழக்கம். நான் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது பொக்ரைக்கில், 2016இல். குளத்தின் நடுவே ஏறத்தாழ 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். சாலை சரிந்து இறங்க இறங்க இரு பக்கமும் கான்கிரீட் சுவர் எழும்புகிறது. நடுவில் வரும்போது தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நிற்கிறது. அன்னம் ஒன்று நீந்தினால் அதன் மார்பு நம் காதுக்கு அருகில் போகும். சுவர் மேல்விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லாத இடங்களில் காற்றடித்தால் சிற்றலை மேலேறி விளிம்பை நனைக்கிறது. சைக்கிளிலிருந்து இறங்காமலே கைநீட்டித் தண்ணீரைத் தொடலாம். டைம் இதழ் 2018இல் உலகின் சிறந்த இடங்கள் பட்டியலில் இதைச் சேர்த்தது. இது எதன் இடத்தில் வந்தது? ஒரு குளத்தின் துண்டில். அந்தக் குளமும் நூற்றாண்டுகளுக்கு முன் மீன் வளர்க்க மனிதர் வெட்டியதே. சுற்றியுள்ள வட்டாரத்தை ஆயிரத்தொரு குளங்களின் நாடு என்றே விளம்பரம் செய்கிறார்கள். சேதம் சிறிது, வியப்பு பெரிது. ஆனால் வேகமாக ஓட்டும் சைக்கிள் மன்றக்காரர்களுக்கு இது ஏற்ற சாலை அல்ல. கோடை ஞாயிற்றுக்கிழமை குழந்தை இருக்கை மாட்டிய சைக்கிளும் செல்ஃபி எடுப்பவரும் வழியடைத்து நிற்க, முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஒரே நிறச் சட்டைக் கூட்டம் ஒரு காலைத் தரையில் ஊன்றி முனகுவதைப் பார்க்கலாம்.

இரண்டாவது ஹெக்டல்-எக்ஸலில், 2019இல். பைன் காட்டுக்குள் நூறு மீட்டர் விட்டமுள்ள இரட்டை வட்டமாகச் சுற்றி, பத்து மீட்டர் உயரம்வரை ஏறி இறங்கும் 700 மீட்டர்ப் பாலம். அதைத் தாங்குபவை துருநிற எஃகுத் தூண்கள், மொத்தம் 449. சாய்வு மிக மெதுவானது. பெரிய உழைப்பில்லாமல் மர உச்சிக்குப் பக்கத்தில் போய்விடலாம். எங்கிருந்தும் எங்கேயும் போகாத சாலை இது. ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். மூன்றில் எனக்கு ஒட்டாதது இதுதான். போக்குவரத்துக்கு உதவாது, பாதுகாப்புக்கும் உதவாது; காட்சிக்காகக் காட்டில் நட்ட எஃகு. இதற்குச் சார்பாகச் சொல்ல ஒன்று மட்டும் உண்டு. பைன்வென் என்ற அந்தக் காடு முட்டுமரத் தோப்பாக வளர்த்தது. நிலத்தடியில் கூரையைத் தாங்கவேண்டிய மரங்களுக்கு நடுவே எஃகுத் தூண்கள் நின்று சைக்கிளைத் தாங்குகின்றன. பாலத்தில் ஏறும் பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது.

மூன்றாவது மாஸ்மெகலன் அருகே மெகல்ஸ புதர்வெளியில், 2021இல் வந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் மரப்பாலம்; ஹெதர் செடி ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கும்போது படமெடுக்கப் பெருங்கூட்டம் வரும். பாலத்தைவிட முக்கியமானது அதன் கீழும் அக்கம்பக்கத்திலும் நடந்தது. ஸூட்டன்டாலுக்குப் போகும் மோட்டார் சாலை ஒன்று புதர்வெளியை இரண்டாகப் பிளந்திருந்தது. அதில் கார் ஓடுவதை நிறுத்தி, சைக்கிளை மேலே தூக்கிவிட்டு, கீழே புதர்வெளியை ஒட்டவைத்தார்கள். பல்லியும் பாம்பும் வண்டும் இப்போது அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகலாம். இப்பகுதியில் வாழும் மிருதுச் செதில் பாம்பு நஞ்சில்லாதது, கூச்சமுள்ளது. மாலையில் சூடேறிய தார்மேல் படுத்து உடம்பைக் காய்ச்சிக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. கார் டயரோ சைக்கிள் டயரோ, அதற்கு இரண்டும் ஒன்றுதான். சாலையைத் தரையிலிருந்து எடுத்ததுதான் அதற்குக் கிடைத்த உண்மையான பாதுகாப்பு. மூன்று தடங்களிலும் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்றால் நான் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

இதே கேள்வியோடு எல்லை தாண்டிப் பிரான்சின் வடக்கே போனால் கேள்வியே தலைகீழாகிறது. வாலெர் ஊருக்கு அருகில் ஆரன்பெர்க் காட்டை நேர்க்கோட்டில் கிழிக்கும் கல் பாவிய சாலை, சைக்கிள் பந்தய உலகில் மிகவும் அஞ்சப்படும் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த துண்டு. பாரிஸ்–ரூபே பந்தயம் 1896இல் தொடங்கியது. ‘வடக்கின் நரகம்’ என்ற பெயர் 1919இல், உலகப் போர் சிதைத்த நிலத்தைப் பார்த்துப் பத்திரிகையாளர்கள் வைத்தது. ஆரன்பெர்க் சாலை பந்தயத்தில் சேர்ந்தது 1968இல்தான். சேர்க்கச் சொன்னவர் ழான் ஸ்தாப்லின்ஸ்கி. போலந்துக் குடியேறிகளின் மகன். இளமையில் ஆரன்பெர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1962இல் சாலை சைக்கிள் உலக வாகையர். அந்தச் சாலையின் அடியிலும் மேலேயும் உழைத்த ஒரே பந்தய வீரர் தான்தான் என்பது அவருடைய பெருமை. காட்டின் வாயிலில் அவருக்கு நினைவுக்கல் நிற்கிறது.

இங்கே சாலை எதன் இடத்திலும் வரவில்லை. அதுதான் முதலில் இருந்தது. பிறகு அதன் அடியில் சுரங்கம் போனது, பிறகு மேலே பந்தயம் வந்தது, அதே 1968இல் பிரான்சின் முதல் வட்டார இயற்கைப் பூங்காவும் இந்தக் காட்டைச் சேர்த்துக்கொண்டு பிறந்தது. சுரங்கம் 1989இல் மூடியது. 2012இல் யுனெஸ்கோ இந்தக் கரி வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஆரன்பெர்க் சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்களும் சேர்ந்தன. சாலைக்குப் பக்கத்திலேயே கொரியோ என்ற ஏரி. அடியில் கரி எடுத்த வெற்றிடம் அமிழ்ந்து, மேலே நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி உண்டானது. கொண்டை முக்குளிப்பான் அங்கே கூடு கட்டுகிறது. இன்று அது காப்பிடம். சுரங்கம் செய்த சேதமே காப்பிடமான கதை.

அதே அமிழ்தல் சாலையையும் விடவில்லை. கற்கள் ஏறுக்குமாறாகி, 2005இல் பந்தயம் இந்தத் துண்டைத் தவிர்க்கவேண்டி வந்தது. சீர்செய்து 2006இல் திரும்பச் சேர்த்தார்கள். கற்களின் நிலையைச் சொன்னால்தான் இதன் பொருள் விளங்கும். ஒவ்வொரு கல்லும் ரொட்டி அளவு, மேற்புறம் வழுக்கையாகத் தேய்ந்தது, ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி. நடுமுதுகு உயர்ந்து இரு ஓரமும் சரிந்திருப்பதால் சக்கரம் தானாக ஓரத்துக்கு இழுக்கும். 1998இல் யொஹான் முசேயு இங்கே விழுந்து முழங்கால் சிப்பி நொறுங்கி, காயம் அழுகி, கால் போகும் நிலைக்கு வந்தார். பின்னர் தேறி மீண்டும் இந்தப் பந்தயத்தை வென்றார். வீரர்கள் இங்கே அகல டயர் போட்டு, காற்றைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். இருந்தும் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காட்டுக்குள் நுழையும் கூட்டத்தில் யாராவது விழுவது அரிதல்ல. 2024இல் வேகத்தைக் குறைக்க நுழைவாயிலுக்கு முன் வளைவு ஒன்றைச் சேர்த்தபோது வீரர்களிலேயே பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் நன்றி சொன்னார்கள்.

காப்பிடத்தின் கண்ணால் பார்த்தால் பந்தய நாள் ஒரு தொல்லைதான். ஏப்ரல் பறவைகள் கூடு கட்டும் மாதம். அன்றைக்குப் பல்லாயிரம் பேர், வறுவல் கடைகள், பியர், தலைக்கு மேல் ஹெலிகாப்டர். கல்லைப் பெயர்த்து நினைவுப்பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோகும் ரசிகர்களும் உண்டு. மறுபக்கம், ஆண்டின் மற்ற நாட்களில் இந்தச் சாலையைக் காப்பாற்றுவதே பந்தயம்தான். கற்களுக்கிடையில் முளைத்து வழுக்கும் புல்லைக் களைய, மருந்து தெளிக்காமல், ஆட்டு மந்தையை மேயவிடுவது அண்மைக்கால வழக்கம். உலகப் பெரும் பந்தயம் ஒன்று நம் ஊர்க் கிடைக்காரர் செய்வதையே செய்வதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பந்தயம் இல்லையென்றால் இந்தக் கற்களை என்றோ தாரால் மூடியிருப்பார்கள். மூடிய சாலையில் கார் போயிருக்கும். ஒரு நாள் கூச்சலுக்கு ஈடாக முந்நூற்றுச் சொச்சம் நாள் அமைதி. இந்தக் கணக்கை நான் ஏற்கிறேன்.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் பதில் மிக எளிது: சைக்கிள் சாலை வந்தது ரயில் தடத்தின் இடத்தில், சாக்கடையின் ஓரத்தில். எம்ஷர் ஆறு நூறாண்டுக்கு மேல் திறந்த கழிவுநீர்க் கால்வாயாகவே ஓடியது. அடியில் நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்குள் குழாய் பதிக்க முடியவில்லை, பதித்தால் உடையும். சுரங்கங்கள் ஓய்ந்த பிறகே கழிவுநீரை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் வேலை தொடங்கி, 2021 இறுதியில் ஆறு கழிவிலிருந்து விடுபட்டது. அதன் கரையில் நீண்ட சைக்கிள் பாதை. இரும்புத்தாது ரயில்கள் ஓடிய மேட்டுத்தடம் போஹும் நகருக்கும் கெல்சன்கிர்ஷனுக்கும் இடையே சைக்கிள் சாலையாகிவிட்டது. எஸ்ஸன் நகருக்கும் மூல்ஹைமுக்கும் இடையே 2015இல் திறந்த விரைவு சைக்கிள் சாலையும் பழைய ரயில் தடமே. டுயிஸ்பெர்க்கிலிருந்து ஹாம் வரை 101 கிலோமீட்டர் போவதாகத் திட்டம், ஆனால் துண்டுதுண்டாக நகர்கிறது.

ரூரில் மறக்கக்கூடாதது பம்பு. கடைசிச் சுரங்கம் ப்ரோஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பர் 21 அன்று மூடி, கடைசிக் கரிக்கட்டி குடியரசுத் தலைவர் கையில் கொடுக்கப்பட்டது. அதோடு செலவு நிற்கவில்லை. நகரங்களின் சில பகுதிகள் இருபது மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கின்றன. பம்புகளை நிறுத்தினால் தாழ்ந்த பகுதிகள் ஏரியாகிவிடும். அடியிலுள்ள சுரங்க நீரும் குடிநீர் மட்டம்வரை ஏறவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மானியர் இதற்கு முடிவில்லாப் பணிகள் என்று பெயர் வைத்து, தனி அறக்கட்டளை நிறுவி, ஆண்டுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் செலவாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிரான்சின் வடக்கிலும் இதே கதைதான். ஆகவே கழிவுக் குன்றின் உச்சியில் சைக்கிளைச் சாய்த்துவைத்து, இயற்கை தன் இடத்தை மீட்டுக்கொண்டது என்று ஒருவர் படத்துக்குத் தலைப்பு வைக்கும்போது, கீழே எங்கோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கான மின்கட்டணத்தை யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நெதர்லாந்தின் லிம்பர்க்கில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1965 டிசம்பர் 17 அன்று ஹேர்லன் நகர அரங்கில் அமைச்சர் யோப் டன் உல் சுரங்கங்களை மூடும் முடிவை அறிவித்தார். 1974 கடைசி நாளோடு கடைசிச் சுரங்கம் நின்றது. ‘கறுப்பிலிருந்து பச்சைக்கு’ என்று ஒரு திட்டம் போட்டு, குழிக் கோபுரங்களையும் கழிவுக் குன்றுகளையும் அநேகமாக முழுக்கத் துடைத்தெடுத்தார்கள். புல்லும் மரமும் நட்டார்கள். ஆம்ஸ்டெல் கோல்ட் பந்தயத்தின் குன்றுப் பாதைகள் தெற்கே சற்றுத் தொலைவில்தான் இருக்கின்றன. அங்கே பயிற்சி முடித்து ப்ரூன்சுமர் புதர்வெளி வழியாகத் திரும்பும் வீரருக்கு, தான் ஒரு கரி வட்டாரத்தில் ஓட்டுகிறோம் என்பதற்கு ஓர் அடையாளமும் கிடைக்காது. லாண்ட்ஹிராஃபில் நிற்கும் ஒரு குன்றில் 508 படிகள் கட்டியிருக்கிறார்கள். அருகில் உள்ளரங்கப் பனிச்சறுக்குக் கூடம் வேறு. அழகான நிலம்தான், பசுமைதான். ஆனால் இந்தச் சாலைகள் வந்த இடம் முன்பு சுரங்கத்தின் நினைவு இருந்த இடம். பெல்ஜியர்கள் இருபது ஆண்டு தாமதமாகச் சுரங்கத்தை மூடியதில் கிடைத்த ஒரே லாபம், அதற்குள் இடிப்பது பழைய பாணியாகிவிட்டது என்பதுதான்.

வேல்ஸ் நாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ப்ரிட்ஜெண்ட் அருகே பார்க் ஸ்லிப் சுரங்கத்தில் 1892 ஆகஸ்ட் 26 அன்று நடந்த வெடிப்பில் சிறுவர்கள் உட்பட 112 பேர் இறந்தார்கள். பின்னாளில் அந்த நிலமே திறந்தவெளிச் சுரங்கமாகி, அதுவும் முடிந்து, இன்று காப்பிடம். தேசிய சைக்கிள் தடம் அதன் ஊடே போகிறது, இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. நினைவை அழிக்காமலும் காப்பிடத்தைக் கெடுக்காமலும் ஒரு சாலை போகமுடியும் என்பதற்கு ஆரவாரமில்லாத சான்று.

சைக்கிளை விட்டுவிட்டு அந்தக் குன்றுகளின் உயிர்களைப் பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரியும். கழிவுக் குன்றின் கறுத்த கல் வெயிலில் சுற்றுப்புறத்தைவிட வெகுவாகச் சூடேறும். சில குன்றுகளின் உள்ளே மிச்சக் கரி மெல்லக் கனன்றுகொண்டும் இருக்கிறது. தெற்கு ஐரோப்பாவின் வெப்பத்தை விரும்பும் பூச்சிகளும் செடிகளும் வடக்கே இங்கே குடியேறியிருக்கின்றன. உட்கார்ந்திருக்கும்போது சாம்பல் கல்லாகவே தெரிந்து, பறக்கையில் நீலச் சிறகு காட்டும் வெட்டுக்கிளி ஒன்று இந்தக் குன்றுகளில் சாதாரணம். மழைக்குட்டையில் முட்டையிடும் ஒரு வகைத் தேரையும் அப்படியே. இவற்றுக்கு வேண்டியது வெற்றுத்தரை. பிர்ச் மரம் முளைத்து நிழல் மூடினால் இவை போய்விடும். ஆகவே பசுமை பெருகப் பெருக, அரியவை குறையும். மரம் நட்டதற்குக் கைதட்டிய தலைமுறை போய், மரம் வெட்ட ஆள் அனுப்பும் தலைமுறை வந்திருக்கிறது.

இந்த இடத்தில் சாலை சைக்கிள்காரரின் பங்கு வியப்பாக மிகச் சிறியது. மெல்லிய டயர் தாரை விட்டு இறங்காது. இறங்கினால் அவருக்குத்தான் நட்டம். சரிவில் புதுத்தடம் கீறி மண்ணை அரிப்பது மலைச் சைக்கிள். அதனால் அவர்களுக்கென்று ஒருசில குன்றுகளை ஒதுக்கிவிடுவது நல்ல ஏற்பாடு. சாலைக்காரர் தருவது வேறு வகைத் தொல்லை: வேகம், விளக்கு, அகலப்படுத்தச் சொல்லும் ஓயாத கோரிக்கை. மின்சார சைக்கிள் பெருகியபின் மூன்று மீட்டர் போதவில்லை, நான்கு வேண்டும் என்கிறார்கள். இரவில் வேலைக்குப் போவோருக்கு விளக்கும் வேண்டுமாம். இரவில் தரையருகே பறந்து அந்துப்பூச்சி பிடிக்கும் பக்கிக் குருவி வாழும் புதர்வெளியில் விளக்குக் கம்பம் நடுவதற்கு நான் வாக்களிக்க மாட்டேன். காப்பிடத்தின் உள்ளே போகும் தடம் பகல் தடமாக இருந்தால் போதும்.

கடைசியாக ஜெர்மனியின் கிழக்கு மூலை, லவுசிட்ஸ். இங்கே எடுத்தது பழுப்பு நிலக்கரி, நெய்வேலியைப் போலவே திறந்து வெட்டிய சுரங்கம். குழிகளில் நீர் நிரப்பி ஏரிகளாக்கி, கரை நெடுகச் சைக்கிள் சாலை போட்டுவருகிறார்கள். தார் புதிது, மேடு இல்லை, சாலை சைக்கிளுக்கு இதைவிட வசதியான இடம் குறைவு. ஆனால் திருப்பிக் கொட்டிய மணல் இறுகவில்லை. நிலத்தடி நீர் மீண்டும் ஏறும்போது அது திடீரெனக் கூழாகி ஓடிவிடும். லவுசிட்ஸுக்கு மேற்கே நாக்டர்ஷ்டெட்டில், இதே வகைக் குழி ஏரியின் கரை 2009 ஜூலை 18 அன்று வீடுகளோடு சரிந்ததில் மூன்று பேர் இறந்தார்கள். அதன்பின் லவுசிட்ஸிலும் பெரும்பரப்புகளை மூடிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்ற பலகைக்கு அப்பால் நடக்கவும் கூடாது, சைக்கிளும் கூடாது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் க்ரூன்ஹவுஸ் என்ற பெயரில் ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் பழைய சுரங்க நிலத்தை நாபு என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அறக்கட்டளை வாங்கி, பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் விட்டுவைத்திருக்கிறது. பெருங்கொக்குகள் வருகின்றன, ஓநாய் நடமாடுகிறது, வெற்றுமணல் வெற்றுமணலாகவே கிடக்கிறது. இதுவரை பார்த்த இடங்களில் காப்பிடம் என்ற சொல்லுக்கு மிக நெருங்கியது இது. சாலை அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஜெர்மனியின் சட்டப்படி கரியில் மின்சாரம் எடுப்பது நிற்கவேண்டிய கடைசி ஆண்டு 2038. அதற்குள் மூடும் குழிகளுக்கும் இப்போதே சைக்கிள் வரைபடம் போட்டுக்கொண்டிருப்பவர்கள், சில இடங்களில் கோட்டை வளைத்துச் சுற்றுவழியாகவே வரைந்துவிடலாம். சுற்றினால் கூடும் கிலோமீட்டருக்காக எந்தச் சாலை சைக்கிள்காரரும் வருந்தியதில்லை.